கார்வாருக்குப் போன எங்கள் அக்கா

அக்காவுக்கு முதலாண்டுப் படையல் போட்டு, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கையில் இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் இதைப் புரட்டிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். "நல்லதை மட்டும் எழுது, நாலு பேர் கைக்குப் போகிற புத்தகம்" என்று என் கணவர் சொல்லிவிட்டுப் போனார். அக்காவைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டது எழுதுவதானால் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். இரண்டையும் எழுதிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

அக்கா, ஊத்தங்கரை வட்டம் சிங்காரப்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில், கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். பத்து வருடம் கழித்து நான். நடுவில் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. எனக்கு ஏழு வயதாகும்போது அம்மா போய்விட்டார். அப்பா அதற்குப் பிறகு இருந்தும் இல்லாதவராகவே இருந்தார். பத்தாம் வகுப்பு முடித்திருந்த அக்கா, ஓசூரில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழும்பிய காலத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். ஆறு மாதத்தில் என்னையும் அழைத்துக்கொண்டார். ராயக்கோட்டை சாலையில் ஒற்றை அறை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், நாங்கள் இருவர்.

காலை ஷிப்டு என்றால் அக்கா நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். சோறு வடித்து, என் டிபன் பாக்ஸைக் கட்டிவைத்து, என்னைப் பாயிலேயே உட்காரவைத்துச் சடை பின்னுவார். நான் கண்ணைத் திறக்காமல் ஆடிக்கொண்டிருப்பேன். பின்னி முடித்து மறுபடி படுக்கவைத்துவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார். ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். அந்தக் குளிரில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்கா என்னைவிடப் பிந்தி எழுந்து நான் பார்த்ததில்லை.

அக்காவின் கல்யாண வாழ்க்கை ஆறு வருடம்தான். மாமாவும் அதே கம்பெனிதான், தங்கமான மனுஷன். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். குழந்தை இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். "எனக்கு எங்க பாப்பா இருக்குது" என்று அக்கா அவர்களின் வாயை அடைத்துவிட்டார். பாப்பா என்பது நான். எனக்கு ஐம்பது வயதானபோதும் பாப்பாதான். என்னை ஆசிரியர் பயிற்சி படிக்கவைத்து, ராயக்கோட்டைப் பக்கம் எனக்கு வேலை கிடைத்ததும் அங்கேயே கல்யாணமும் செய்துவைத்தார். எனக்கு அம்மாவும் அவர்தான், அப்பாவும் அவர்தான், எனக்குச் சொந்தமானதென்று இந்த உலகத்தில் முதலில் இருந்தது அவர்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பேக்கிங்கில் சேர்ந்த அக்கா, பிறகு ஸ்டோர்ஸுக்கு மாறி, அங்கேயே சூப்பர்வைசராக ஓய்வு பெற்றார். ஸ்டோர்ஸில் ஒரு திருகாணி உள்ளே வந்தாலும் அதற்கு ஒரு சீட்டு கட்ட வேண்டும். என்ன பொருள், என்றைக்கு வந்தது, எந்த ரேக்கில் எந்தத் தட்டு என்று எழுத வேண்டும். சீட்டு இல்லாத பொருள் அக்காவைப் பொறுத்தவரை இல்லாத பொருள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் கல்யாணமான புதிதில் ராயக்கோட்டைக்கு வந்தவர், ஒரே நாளில் என் சமையலறை முழுக்க நூல் கோத்துச் சீட்டு கட்டிவிட்டுப் போனார். "என் வூடு என்ன ஃபேக்டரியா?" என்று நான் அத்தனையையும் கத்தரித்துப் போட்டேன். அடுத்த முறை வந்தபோது அக்கா பார்த்தார். மறுபடி கட்டவில்லை.

அக்கா ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், அவர் வீட்டு மாடியில் கவிதா வாடகைக்கு வந்தாள். 'கவிதா அவர்கள்' என்று மரியாதையாக எழுத வேண்டும் என்று என் மகன் திருத்தினான். எனக்குக் கை வரவில்லை, அவள் என்றே எழுதுகிறேன். எங்கள் ஊத்தங்கரைப் பக்கத்துக் கல்லாவிக்காரி. கணவர் கடற்படையில் மும்பையில் இருந்தார். குடும்பத்தை வைத்துக்கொள்ள அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. அதனால் இவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தாள். அவள் ஷிப்டுக்குப் போனால் சின்னக் குழந்தை அக்காவின் மடியில்தான். வந்த புதிதில் அக்காவை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மாடிப்படியிலிருந்து "அக்கா, தயிர் இருக்குதா?" என்று குரல் வந்தது. என்னைத் தவிர வேறு யார் இந்த வீட்டில் அக்கா என்று கூப்பிடுவது என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான்தான் அப்படிக் கூப்புடச் சொன்னேன். ஆன்ட்டின்னா ஏதோ ஆபீஸ் மாதிரி இருக்குது" என்றார் அக்கா.

"அவளுக்கும் உனக்கும் முப்பது வருஷ வித்தியாசம்" என்றேன்.

"அதனால என்ன? நீயும் நானும் பத்து வருஷம் வித்தியாசந்தானே?"

அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல். என்னைச் சின்னக்கா என்று வேறு அவள் கூப்பிட ஆரம்பித்தாள். நான் "டீச்சர்னே கூப்புடும்மா" என்றேன். அவளுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பிறகு அவள் கணவருக்குக் கார்வாருக்கு மாற்றல் வந்தது. கர்நாடகக் கடற்கரை ஊர். கடலோரத்திலேயே குவார்ட்டர்ஸும் கிடைத்தது. ஆனால் சேர்ந்து பத்து நாளில் அவர் கப்பலில் போய்விட வேண்டும், திரும்பி வர மாதக்கணக்காகும். கவிதாவுக்குக் கன்னடம் ஒரு வார்த்தை வராது, கடலை நேரில் பார்த்ததும் இல்லை. அக்காவுக்கோ ஓசூர்த் தண்ணீர் குடித்து நாற்பது வருடம். கன்னடமும் தெலுங்கும் சரளமாக வரும். முடிந்தது கதை. தாமே கூடப் போய்க் குடிவைத்துவிட்டு வருவதாக அக்கா ஒப்புக்கொண்டார். எனக்கு விஷயம் ஃபோனில்தான் வந்தது.

"பத்து நாளுதான் பாப்பா. பாஷை தெரியாத ஊர்ல ரெண்டு கொழந்தைய வச்சிக்கினு அந்தப் புள்ள தனியா என்ன பண்ணும்?"

"ஏன், அவளுக்கு அம்மா அப்பா இல்லியா?"

"இருக்காங்க. அவங்களுக்கு ஊத்தங்கரைய தாண்டினா ரோடே தெரியாது."

"நான் இங்க வூடு கட்டிக்கினு இருக்கேன். சித்தாளு வரல, மேஸ்திரி வரலன்னு செத்துக்கினு இருக்கேன். அது உனக்குத் தெரியலியா?"

"உன் வூட்டு விசேஷம் ஆவணியிலதானே? நான் இப்பவே போயிட்டு வந்துடறேன்."

பத்து நாள் நான்கு மாதமானதற்குக் காரணம் அக்காவின் பிடிவாதம். "மழை முடிஞ்சு அக்டோபர்ல வாங்கக்கா, இங்க மழை வேற மாதிரி" என்று கவிதாவின் கணவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அக்கா கேட்கவில்லை. ஆனி, ஆடி இரண்டிலும் குடி போகக்கூடாது, பெரியவளின் பள்ளிக்கூடமும் திறக்கிறது, வைகாசி கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சியே ஆக வேண்டும் என்று நின்றார். நமக்கு வைகாசி மழை என்றால் சாயங்காலம் ஒரு அடி அடித்துவிட்டு மறுநாள் வெயில் காயும். மேற்குக் கடற்கரையில் வைகாசி முடிகிற நேரத்தில் பிடிக்கிற மழை, கோயில் பூஜை மாதிரி தினமும் காலையிலும் மாலையிலும் உண்டு என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

லாரி ஏற்றுவதற்கு முந்தைய ஞாயிறு நான் ஓசூருக்குப் போனேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அக்காவின் முத்து முத்தான கையெழுத்தில் சீட்டு. 'கேழ்வரகு மாவு, பத்து கிலோ, சமையலறை கீழ்த்தட்டு.' 'கம்பளி நான்கு, இரும்பு அலமாரி மேல்தட்டு.' 'சின்னவள் துணி, உடனே தேவை.' இதுவரை கண்ணால் கூடப் பார்க்காத வீட்டுக்குத் தட்டு தட்டாக இடம் ஒதுக்கியிருந்தார். என் வீட்டுச் சீட்டுகளைக் கத்தரித்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

கார்வாரில் லாரி நின்றபோது கொட்டிய மழையில் தார்ப்பாய்க்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிட்டதாம். அட்டைப்பெட்டிகள் தூக்கும்போது கையோடு பிய்ந்து வந்தன. சீட்டுகளில் எழுதியது எல்லாம் கரைந்து நீலமாக ஒழுகிவிட்டது. எது கேழ்வரகு, எது துணி என்று அக்காவுக்கே தெரியவில்லை. முகூர்த்த நேரத்தில் பால் காய்ச்சத் தீப்பெட்டி எடுத்தால் குச்சி அத்தனையும் நமுத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு மலையாளப் பெண் லைட்டர் கொண்டுவந்து பற்றவைத்துக் கொடுத்து, "இந்த மாசத்தில் யாராவது வீடு மாறுவார்களா?" என்று சிரித்தாளாம். அக்கா இதை எனக்கு ஃபோனில் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. "நான்தான் பாப்பா வைகாசி வைகாசின்னு இழுத்துக்கினு வந்துட்டேன்" என்றார். நான் "ம்" என்றேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருந்தது, சாமி சத்தியமாகச் சொல்கிறேன்.

பத்தாம் நாள் அக்கா திரும்பவில்லை. செருப்பிலிருந்து தலையணை வரை பூஞ்சை பிடித்துவிட்டதாம். கேழ்வரகு மாவு கட்டி கட்டியாகிப் புழு வைத்துவிட்டது. கவிதாவின் கணவர் கப்பலில் போயிருக்க, அவருடைய வெள்ளை யூனிஃபார்மில் கறுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன. தம் பிடிவாதத்தால் வந்த கேடு என்பதால், அதைச் சரிசெய்யாமல் கிளம்ப அக்காவுக்கு மனம் வரவில்லை. ஸ்டோர்ஸில் எலக்ட்ரிக் சாமான் வைக்கிற அலமாரியில் ஈரம் ஏறாமல் இருக்க ஒரு குண்டு பல்பைப் போட்டு எரியவிடுவார்களாம். அந்த யோசனை வந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு பழைய குண்டு பல்பு தேடிக் கடை கடையாக அலைந்திருக்கிறார். இவர் ஓசூர்க் கன்னடத்தில் கேட்க, கடைக்காரர் கொங்கணியில் பதில் சொல்ல, கடைசியில் கையால் உருண்டை காட்டி வாங்கி வந்தாராம். அலமாரிக்கு ஒரு பல்பு. ஷூ பெட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்களைச் சேர்த்துச் சேர்த்து யூனிஃபார்ம் மடிப்புகளில் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு வடநாட்டுப் பெண்கள் இரண்டு பேர், அவர்கள் பாஷையில் அக்கா என்று அழைத்து, "தீதி, எங்க வீட்டுக்கும்" என்று வந்து நின்றார்களாம்.

இதெல்லாம் தினமும் எனக்கு ஃபோனில் ஒப்பிக்கப்பட்டது. நான் புது வீட்டின் டைல்ஸ் தூசியில் நின்றுகொண்டு கேட்டேன். எந்த ஊர்க்காரியின் அலமாரியோ காய வேண்டும் என்று என் அக்கா குடை பிடித்து அலைகிறார், என் அலமாரிக்குக் கதவு பொருத்த எனக்கு ஆளில்லை. இந்த ஒரே நினைப்புதான்.

ஆவணியில் என் புதுமனை புகுவிழா. அன்று காலை நேரே பஸ்ஸிலிருந்து அக்கா வந்தார். பையை வைத்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு பந்திக்கு நின்றுவிட்டார். உங்களில் பலருக்கு அன்று பாயசம் ஊற்றியது அவர்தான். மறுநாள் விடியும்போதே பையை எடுத்துவிட்டார். சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலாம்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறு பாப்பா. வந்து உனக்கும் எல்லாத்தையும் எடுத்து அடுக்கித் தர்றேன்" என்றார்.

"என் வூட்ட அடுக்க எனக்குத் தெரியும். நீ போ. உனக்குத்தான் புது தங்கச்சி கிடைச்சிட்டாளே."

ஒரு செருப்பை மாட்டிய காலோடு அக்கா அப்படியே நின்றார்.

"அப்படிலாம் பேசாத பாப்பா."

"பஸ் போயிடும். போ."

அதற்குப் பிறகு அக்கா மூன்று முறை ஃபோன் செய்தார். மணி அடித்து ஓயும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நிறுத்தியிருப்பார், அவர் குணம் அது. நானோ, நானாகக் கூப்பிட்டால் அந்தக் கல்லாவிக்காரி ஜெயித்துவிட்டதாக ஆகும் என்று வீம்பு பிடித்தேன். இரண்டு மாதம் அக்காவின் குரலைக் கேட்காமல் இருந்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "சம்பளமில்லாத வேலைக்காரி கிடைச்சா யாருதான் திருப்பி அனுப்புவாங்க?" என்று வாய் கூசாமல் சொன்னேன். அதைக் கேட்டவர்கள் இதையும் படிப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால் அக்கா திரும்பினார். உப்புக் காற்றில் கறுத்திருந்தார், ஆனால் கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. ஓசூருக்குக்கூடப் போகாமல் நேரே என் வீட்டுக்கு வந்தார். முந்திரிப் பருப்பும், புளிக்குப் பதிலாக அந்த ஊரில் போடுகிற ஏதோ ஒரு காய்ந்த பழமும் கொண்டுவந்திருந்தார். ஏன் பேசவில்லை என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தில் ஒரு குறையும் இல்லை. என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "நல்லா இருக்கிறியா பாப்பா?" என்றார், அவ்வளவுதான். நான்தான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். ஒரு காலை வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் பதினோரு நாள். செய்தி கேட்ட மறுநாளே கவிதா இரண்டு குழந்தைகளோடு வந்து இறங்கினாள். அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள், கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். ஒரு நர்ஸ் அவளைப் பார்த்து, "நீங்கதான் தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டார். "நான்தான் தங்கச்சி" என்று அந்த வார்டுக்கே கேட்கும்படி சொன்னேன். டாக்டர் வருகிற நேரமாகப் பார்த்து அவளை இளநீர் வாங்க அனுப்பினேன். கடைசி நாள் காலை, உள்ளே ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். நான் இருந்தேன். அவள் வெளியே பெஞ்சில் இருந்தாள். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அக்கா என் கையைப் பிடித்தபடியே போனார்.

எழுத வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. போன வாரம் படையல் வேலைக்கு ஒத்தாசையாகக் கவிதா கார்வாரிலிருந்து வந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். ஓசூரில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரைக்காக ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்திருந்தேன். என் எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. அக்காவை எப்படியெல்லாம் வேலை வாங்கினார்கள் என்று அவள் வாயாலேயே சொல்லவைத்து, அதை அச்சில் ஏற்ற வேண்டும் என்பதுதான்.

"எங்க அக்கா உங்க வூட்ல என்னென்ன வேலை செஞ்சாங்கன்னு ஒண்ணு வுடாம சொல்லு. புக்குல போடணும்" என்றேன்.

"மொத ஒன்றரை மாசம் மாடா உழைச்சாங்க சின்னக்கா. மழையில கூட்டிக்கினு வந்தது தன் தப்புன்னு அவங்களுக்கு ஒரே வேதனை. அப்புறம் நான் ஒண்ணையும் தொட வுடல."

"அப்புறம் ரெண்டரை மாசம் சும்மாவா உக்காந்திருந்தாங்க?"

"தூங்குவாங்க."

"பகல்லயா?"

"காலைல. எட்டு மணி வரைக்கும் தூங்குவாங்க."

நான் உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். என் அக்காவாவது, எட்டு மணி வரை தூங்குவதாவது!

"வந்த புதுசுல நாலு மணிக்கே எந்திரிச்சி இருட்டுல உக்காந்திருப்பாங்க. 'இங்க ஷிப்டும் இல்ல, பஸ்ஸும் இல்ல, படுங்கக்கா'ன்னு நான் தெனமும் சண்டை புடிப்பேன். ஒரு நாளு மழை சத்தத்துல அசந்துட்டாங்க. நான் குக்கர்கூட வைக்கல, விசில் சத்தத்துல எந்திரிச்சிடுவாங்கன்னு. புள்ளைங்கள பக்கத்து வூட்டுக்கு அனுப்பிட்டேன். எந்திரிச்சி கடியாரத்த பாத்துட்டுப் பதறிட்டாங்க. அப்புறம் அவங்களே சிரிச்சிட்டாங்க. 'நாப்பது வருஷத் தூக்கம் பாக்கி இருக்குது கவிதா, இங்கதான் வந்து தூங்கணும்னு இருந்திருக்குது'ன்னு சொன்னாங்க. மழை வுட்டப்புறமும் ஊருக்குப் போறேன்னு சொல்லல. நானும் கேக்கல, இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்."

அவளுக்காகத்தான் அக்கா அங்கே தங்கியிருந்தார் என்று இத்தனை நாள் பொறாமைப்பட்டேன். அக்கா தமக்காகத் தங்கியிருக்கிறார். அது தெரிந்தபோது பொறாமை குறையவில்லை, கூடியது. என் வீட்டுக்கு அக்கா வந்தால் விடியுமுன் என் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருக்கும். ஏழு மணிக்கு எழுந்துபோய் அக்கா கையால் காபி வாங்கிக் குடிப்பேன். அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லவும் செய்வேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நீ படுக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று நான் சொன்னதில்லை. எனக்குத் தோன்றியதே இல்லை. ஒரு வாடகைக்காரிக்குத் தோன்றியிருக்கிறது.

இந்த எரிச்சலில்தான் கேட்டேன்: "எட்டு மணிக்கு எந்திரிச்சி என்ன பண்ணுவாங்க, மகாராணி மாதிரி காபி கேப்பாங்களா?"

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல சின்னக்கா. மணி அடிச்சி எழுப்பிடக்கூடாதுன்னு அவங்க போன நான்தான் வச்சிருப்பேன். கண்ண தொறந்ததும், 'பாப்பா போன் பண்ணுச்சா?'ன்னுதான் கேப்பாங்க."

நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"இல்லக்கான்னு சொல்லுவேன். சொன்னதும் மூஞ்சி சுருங்கிடும். தெனமும் இதே கதைதான். எனக்கே மனசு கேக்கல. நீங்க கோவிச்சிக்காதீங்க, ஒரு நாளு பொய் சொல்லிட்டேன். 'பண்ணாங்கக்கா, ஏழு மணிக்கே பண்ணாங்க. எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், எழுப்பாத, எனக்காக எந்திரிச்சி எந்திரிச்சியே எங்க அக்கா தூங்குனதில்ல, நல்லா தூங்கட்டும்னு சொன்னாங்க'ன்னு சொன்னேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"'எங்க பாப்பா சொல்லுச்சா? நெஜமாவா?'ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. திருப்பிப் போன் போடட்டுமான்னாங்க. ஸ்கூலுக்குப் போயிருப்பாங்க, தீபாவளிக்குப் போயி நேர்லயே பேசிக்கங்கன்னு சொல்லிட்டேன். கண்ணெல்லாம் தண்ணி. அப்புறம் போர்வைய இழுத்துப் போத்திக்கினு மறுபடியும் படுத்துட்டாங்க. அன்னைக்கு ஒம்போது மணி ஆயிடுச்சி. அதுக்கப்புறம் ஒரு நாளும் போன் வந்துச்சான்னு கேக்கவே இல்ல."

நான் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். வெளியே வந்தபோது என் பங்கு வெங்காயத்தையும் கவிதா உரித்து வைத்திருந்தாள்.

இனி நன்றி சொல்ல வேண்டும். பதினோரு நாளும் அக்காவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசி ஊர்வலத்தில் காலை ஷிப்டு முடிந்து யூனிஃபார்மோடே நடந்து வந்த கம்பெனி நண்பர்களுக்கு நன்றி. முப்பது நாளும் விளக்கு அணையாமல் எண்ணெய் ஊற்றிய எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாவுக்கு நன்றி. கொள்ளி வைத்த என் மகனுக்கும், என் கோபத்தையெல்லாம் பொறுத்துக்கொண்ட என் கணவருக்கும் நன்றி.

கவிதா, இந்தப் பத்தி உனக்கு. நான் சொல்லியிருக்க வேண்டியதை நீ யோசித்து, நான் சொன்னதாகவே என் அக்காவிடம் சொல்லியிருக்கிறாய். அக்கா அதை நம்பித்தான் என் வீட்டுக்கு வந்து என் கன்னத்தைத் தொட்டிருக்கிறார். அதை நம்பியேதான் என் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். உன்மேல் எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சல் ஒரு துளியும் குறையவில்லை, இந்த ஜென்மத்தில் குறையவும் குறையாது. அதோடுதான் உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கண்ணீருடன்,
அக்காவின் பாப்பா,
ராயக்கோட்டை.